நிகழாத மரணங்களை எண்ணுவது எப்படி?

ஜவ்வாது மலையின் வடபுற அடிவாரத்தில், வேலூருக்குத் தென்மேற்கே இருக்கிறது ஒடுகத்தூர். அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. அங்கிருந்து மலையேறினால் பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளின் சிற்றூர்கள் காட்டுக்கும் சாமைக் கொல்லைகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள் அவை. அங்கே ஒரு பெண் கருவுற்றால், அதை அரசுப் பதிவேட்டில் முதலில் எழுதுபவர் கிராம சுகாதார செவிலியர். மக்கள் வாயில் அவர் நர்ஸம்மா. ஊர் மருத்துவச்சி ஒரு காலத்தில் தனியாளாகச் செய்த வேலை, இன்று அவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்களுக்கும் இடையே பகிரப்பட்டிருக்கிறது.

இந்த வேலை பலன் தருகிறதா என்று அறிவதில் ஒரு சிக்கல் உண்டு. கிராம சுகாதார செவிலியரின் பணியிடம் துணை சுகாதார நிலையம். மலைப்பகுதிகளில் 3,000 பேருக்கு அப்படி ஒன்று என்பது அரசின் அளவுகோல். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதப்படி 3,000 பேர் கொண்ட பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 பிரசவங்கள் நடக்கும். மாநிலத்தில் 2018-20 ஆண்டுகளுக்கான பேறுகால மரண விகிதம், ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 54. அதாவது சுமார் 1,850 பிரசவங்களுக்கு ஒரு தாயின் மரணம். ஆண்டுக்கு 40 பிரசவம் என்றால் அந்த எண்ணிக்கையை எட்ட 46 ஆண்டுகள் ஆகும். மலையில் ஆபத்து இரு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் 23 ஆண்டுகளுக்கு ஒரு மரணம். ஒரு செவிலியர் தன் பணிக்காலம் முழுவதிலும் அப்படி ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வுபெறலாம். அவர் கவனமாக உழைத்ததால் அது நிகழவில்லையா, கவனக்குறைவாக இருந்திருந்தாலும் நிகழ்ந்திருக்காதா என்பதை அவர் கண்ணால் கண்டு முடிவுசெய்ய வழியில்லை.

இதே கணக்கு பழைய மருத்துவச்சிக்கும் பொருந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், நம்பகமான பதிவேடுகள் கொண்டிருந்த சுவீடனில், ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 900 தாய்மார் இறந்தார்கள். இன்றைய கண்ணுக்கு அச்சமூட்டும் எண். ஆனாலும் அது 111 பிரசவங்களுக்கு ஒன்றுதான். ஆண்டுக்குப் பத்துப் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவச்சி 11 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் தாயைப் பறிகொடுத்திருப்பார். இடையில் நூற்றுப் பத்துப் பெண்கள் நலமாக எழுந்து நடந்தார்கள். தன் முறை சரியானது என்று அவர் நம்பியதில் அறியாமையோ பிடிவாதமோ இல்லை. அவர் கண்ட சான்று அப்படித்தான் இருந்தது. பேறுகால மருத்துவத்தில் தனி ஒருவரின் அனுபவம், எவ்வளவு நீண்டதானாலும், போதாது. பலருடைய பதிவேடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பின்புதான் எது தாயைக் காக்கிறது, எது கொல்கிறது என்பது புலப்பட்டது.

அப்படிச் சேர்த்துப் பார்த்ததன் முதல் பெரும் பாடம் 1840களில் வியன்னாவில் கிடைத்தது. அந்நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள்; இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். கட்டடமும் ஒன்று, ஊரும் ஒன்று. எந்தப் பிரிவில் சேர்வது என்பதைப் பெரும்பாலும் அன்றைய கிழமையே தீர்மானித்தது. 1841 முதல் 1846 வரையிலான கணக்கில் மாணவர் பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் இறந்தார்கள். மருத்துவச்சிப் பிரிவில் நூற்றுக்கு நால்வர். இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பின் வரும் கடும் காய்ச்சல். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இரு பிரிவுக்கும் உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஒன்று எஞ்சியது. மாணவர்கள் பிண அறையில் உடல்களை அறுத்துப் பயின்றுவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிப் பயிற்சியில் பிணப் பரிசோதனை கிடையாது. 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதை அவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த மரணம் ஜூனில் இரண்டுக்கு அருகே இறங்கியது. கிருமிகள் நோய் உண்டாக்குகின்றன என்பது அப்போது இன்னும் நிறுவப்படவில்லை. காரணம் புரிவதற்கு முன்பே எண்கள் வழிகாட்டிவிட்டன.

குழந்தையின் தரப்பில் இதற்கு இணையான கதை ரணஜன்னியுடையது. மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வாழும் ஒரு நுண்ணுயிர், அழுக்குக் கத்தியாலோ அரிவாளாலோ அறுத்த தொப்புள்கொடி வழியே புகுந்து, சில நாட்களில் குழந்தையைப் பால் குடிக்க முடியாமல் விறைக்கச் செய்யும். மருத்துவமனையில் தீவிர சிகிச்சை இல்லாவிட்டால் அந்தக் குழந்தை பிழைப்பது அரிது. தடுப்பதோ எளிது. சுத்தமான கை, சுத்தமான இடம், புதிய பிளேடு, சுத்தமான நூல், எதுவும் தடவாத தொப்புள் என்னும் ஐந்து சுத்தங்கள். கூடவே தாய்க்குக் கர்ப்ப காலத்தில் தடுப்பூசி. தாயின் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது; குழந்தை பிறக்கும்போதே பாதுகாப்போடு பிறக்கிறது. தாய்க்கும் சேய்க்குமான ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழ் என்பதுதான் இங்கே ஒழிப்பின் பொருள். நுண்ணுயிர் மண்ணிலேயே இருக்கிறது. ஊசி நின்றால் நோய் திரும்பும்.

கிராம சுகாதார செவிலியரின் வேலை, பிரசவத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே தொடங்குகிறது. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவுசெய்வது முதல் படி. பதிந்ததும் தாய்க்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் கூடவே வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியும் இந்தப் பதிவை ஒட்டித்தான் தவணைகளாக வருகிறது. அதன் பின் ஒவ்வொரு சந்திப்பிலும் எடை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், கருவின் வளர்ச்சி ஆகியவை பார்க்கப்படுகின்றன. இவை சடங்காகச் செய்யப்படும் சோதனைகள் என்று நினைப்பவர் உண்டு. ஒவ்வொன்றும் வலியில்லாமல், அறிகுறி காட்டாமல் வளரும் ஒரு நோயைத் தேடும் கருவி.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தின் பின்பாதியில் சிலருக்கு அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்குகிறது. இதை முன்சூல்வலிப்பு என்று சொல்லலாம். பல வாரங்கள் வரை அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. கால் வீக்கம் வந்தாலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அது சகஜம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். முற்றினால் தலைவலி, கண் மங்கல், பின் வலிப்பு. ஊரில் பிரசவ ஜன்னி என்று சொல்லப்படுவதில் இதுவும் அடங்கும். கையில் கட்டும் அழுத்தமானிப் பட்டையும் சிறுநீர்ச் சோதனைக் குச்சியும் வலிப்புக்குப் பல வாரம் முன்பே எச்சரிக்கின்றன. வலிப்பைத் தடுக்கும் மருந்தும் விலை குறைந்ததுதான்: மக்னீசியம் சல்ஃபேட். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்யப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், அது வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது. மேல் மருத்துவமனைக்கு அனுப்புமுன் அதன் முதல் ஊசியைப் பயிற்சி பெற்ற செவிலியரே போடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. மலையடிவாரத்தில் அந்த ஓர் ஊசி பெரிய விஷயம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அது தாயைக் காத்து நிற்கும்.

சர்க்கரைச் சோதனையின் கதை மலைப்பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. கர்ப்ப கால நீரிழிவைக் கண்டறிய உலகின் பல இடங்களில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். விடியலில் கிளம்பி மலைப்பாதையில் நடந்து, பின் பேருந்து பிடித்து வரும் கர்ப்பிணியிடம் வெறும் வயிற்றோடு வா என்று சொல்வது நடக்காத காரியம். மறுநாள் திரும்ப வரச் சொன்னால் அவர் வரமாட்டார். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையாவும் குழுவினரும் வேறு வழி காட்டினார்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை; 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிப்பு தேவை. துல்லியத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, எல்லோரையும் எட்டுவதில் நிறையப் பெறுகிற முறை இது. பொதுச் சுகாதாரத்துக்கும் மருத்துவமனை மருத்துவத்துக்கும் உள்ள அணுகுமுறை வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கடினம்.

இத்தனை சோதனைகளும் செய்தால் யாருக்கு ஆபத்து வரும் என்று முன்கூட்டியே பிரித்துவிட முடியாதா? 1970களிலும் 80களிலும் உலகச் சுகாதாரத் துறையினர் அப்படித்தான் நம்பினார்கள். உயரம் குறைவா, முதல் பிரசவமா, முந்தைய குழந்தை இறந்ததா என்று பட்டியலிட்டு மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் பெற்றவரை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்புவது. மற்றவர் வீட்டிலேயே பெறலாம். ஆப்பிரிக்காவின் கசோங்கோ பகுதியில் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. குழந்தை வெளிவர முடியாமல் சிக்கிய பிரசவங்களில் பத்துக்கு ஏழு, ஆபத்தில்லை என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்கே நேர்ந்தன. ஆபத்து என்று குறிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சிக்கலின்றிப் பெற்றார்கள். ஆபத்துக் குறி உள்ளவர்கள் சிலர். குறி இல்லாதவர்கள் மிகப் பலர். அந்தப் பலரில் சிறு பங்கினருக்குச் சிக்கல் வந்தாலும் மொத்த எண்ணிக்கை அந்தப் பக்கமே பெரிதாகிவிடுகிறது. நூறு கர்ப்பத்தில் ஏறத்தாழ பதினைந்தில் ஏதோ ஒரு சிக்கல் வரும். எந்தப் பதினைந்து என்பது பெரும்பாலும் கடைசி நேரம்வரை தெரியாது. ஆகவே எல்லாப் பிரசவமும் திறமையான கைகளில், உதவி எட்டும் தூரத்தில் நடக்க வேண்டும் என்ற கொள்கைக்கு உலகம் வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிறப்புகள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. அரசு மருத்துவ வலைப்பின்னலின் நீண்டகால உழைப்பு அந்த எண்ணில் இருக்கிறது.

எதிர்பாராமல் வரும் ஆபத்துகளில் மிக வேகமானது உதிரப்போக்கு. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த ரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்தபடி நிற்கின்றன. அவற்றை அடைக்கும் வேலையைக் கருப்பையின் தசையே செய்கிறது. பாட்டிகள் இடுப்பில் செருகும் சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் வாய் இறுகுவதுபோல, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசை இழைகள் சுருங்கி, இடையில் ஓடும் குழாய்களை நெரித்து மூடுகின்றன. தசை களைத்துச் சுருங்க மறுத்தால் ரத்தம் நிற்காது. சிகிச்சை கிடைக்காத கடும் உதிரப்போக்கில் சராசரியாக இரண்டு மணி நேரமே உயிர் தாங்கும். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அந்த நேரமும் குறையும். ஹீமோகுளோபின் 7க்கும் கீழே இருப்பவர், மற்றவர் தாங்கிக்கொள்ளும் இழப்பிலேயே வீழ்ந்துவிடுவார். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேல், 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கர்ப்ப காலத்தில் 180 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அது விழுங்கப்படுகிறதா என்று வீட்டுக்கே போய்ப் பார்ப்பதன் பொருள் இப்போது விளங்கும். பிரசவ நாளின் ஆபத்துக்கு எதிரான வேலை ஆறு மாதம் முன்பே அடுப்படியில் நடக்கிறது.

கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி மருத்துவ நிலையங்களில் குழந்தை பிறந்த உடனேயே போடப்படுகிறது. ஆனால் அதைக் குளிர்பதனத்தில் வைக்க வேண்டும். மின்சாரமும் குளிர்ப்பெட்டியும் இல்லாத இடத்துக்கு மிசோபிரஸ்டால் என்ற மாத்திரை உதவும். அதைக் கிராமத்துச் செவிலியர் கையில் நம்பிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில் தேடப்பட்டது. துணைச் செவிலியர்களான மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்த 1,620 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை. மறு குழுவுக்கு அதைப்போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை. எது யாருக்குப் போகிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது. குலுக்கிப் பிரிப்பதால் வயது, வறுமை, உடல்நலம் எல்லாம் இரு பக்கமும் ஒரே அளவில் விழுந்துவிடும். முடிவில் தென்படும் பெரிய வேறுபாட்டுக்கு மருந்தைத் தவிர வேறு காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. 2006இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. வெற்று மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 12 பேருக்கு உதிரப்போக்கு. மருந்துக் குழுவில் 6.4.

அந்த ஆய்வோடு ஒட்டி இன்னொன்றும் தெளிவாயிற்று. எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணால் மதிப்பிடுபவர் உண்மையைவிட வெகுவாகக் குறைத்தே சொல்கிறார். துணியிலும் தரையிலும் பரவிய ரத்தத்தை யாரும் சரியாக அளக்க முடியாது. பெல்காம் ஆய்வாளர்கள் பயன்படுத்தியது, தாயின் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் அடியில் அளவுக் கோடுகள் போட்ட பை. இந்த எளிய பையை அடிப்படையாகக் கொண்டு, அளவு தாண்டிய உடன் எல்லாச் சிகிச்சைகளையும் ஒரே மூச்சில் தொடங்கும் முறை நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் சோதிக்கப்பட்டு, 2023இல் முடிவு வெளியானது. கடும் உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் அறுபது விழுக்காடு குறைந்தன. புது மருந்து எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை.

இரண்டு மணி நேரம் என்ற எல்லை, மலையில் தூரத்தை மருத்துவப் பிரச்சினையாக்குகிறது. பேறுகால மரணத்துக்கு இட்டுச்செல்லும் தாமதங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் 1990களில் வந்தது: போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. முதல் தாமதத்தின் கொடுமையைச் சொல்லும் நிகழ்வு இந்த வட்டாரத்து மருத்துவ வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு மிஷன் பங்களாவுக்கு வந்தார்கள். ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் ஒப்பவில்லை. மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா, வேலூரில் நிறுவிய மருத்துவப் பணி பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) ஆனது. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிச் சாலையோர மருந்தகங்களை நடத்தியதும், பெண்களுக்குச் செவிலியர் பயிற்சியும் பின் 1918இல் மருத்துவப் பள்ளியும் தொடங்கியதும் அந்த இரவின் தொடர்ச்சிதான்.

இரண்டாவது தாமதம் ஒடுகத்தூர் மலைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008இல் மாநிலத்தில் வந்தது. ஆனால் வண்டி ஏறாத பாதையில் டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டும். 2023 மே மாதம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போகும் வழியிலேயே இறந்ததும், பாதை இல்லாததால் தாய் அந்த உடலைச் சுமந்து மலை ஏறியதும் நாடறிந்த செய்தி. சாலை போடுவது செவிலியரின் கையில் இல்லை. வலி எடுத்த பிறகு பயணம் தொடங்காதபடி பார்த்துக்கொள்வது அவர் கையில் இருக்கிறது. எதிர்பார்க்கும் தேதிக்குச் சில நாள் முன்பே கர்ப்பிணியும் துணைக்கு ஒருவரும் கீழே வந்து தங்குவதற்கென, மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகளைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. அறையும் சாப்பாடும் இருந்தால் மட்டும் பெண்கள் வந்துவிடுவதில்லை. மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது, ஆடுமாட்டை யார் கட்டுவது, கொல்லையில் அறுப்பு நாளா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் விடை வேண்டும். அந்த விடையை மாமியாரோடும் கணவரோடும் உட்கார்ந்து பேசி ஏற்படுத்தும் திறமையை எந்தப் பாடத்திட்டமும் முழுதாகக் கற்றுத்தர முடியாது. மலைப்பகுதிச் செவிலியரும், அந்தந்த ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆஷா பணியாளரும் அதைப் பழகிப் பழகியே பெறுகிறார்கள்.

நலவாழ்வு மேம்பாடு என்று நூல்கள் சொல்லும் பணியின் நடு அங்கம் இந்தப் பேச்சுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதலில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனை வைப்பது குழந்தைக்குத் தொற்றைக் கொண்டுவரும். தொப்புளில் எதுவும் தடவக்கூடாது. குழந்தையைத் தாயின் தோலோடு ஒட்டி அணைத்துச் சூடாக வைக்க வேண்டும். செய்திகள் சிறியவை. சொன்னால் மாறுமா? அறிவுரை மட்டும் சொல்லி விட்டால் பெரிதாக மாறுவதில்லை. சேர்ந்து பேசவைத்தால் மாறுகிறது என்பதற்கு வலுவான சான்று ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிப் பகுதிகளிலிருந்து வந்தது. எக்ஜுட் என்ற அமைப்பு 36 வட்டாரங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பெண்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேச ஏற்பாடு செய்தது. படங்கள், கதைகள், விளையாட்டுகள் வழியே தங்கள் ஊரில் குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்பதை அவர்களே ஆராய்ந்து, அவர்களே தீர்வு வகுத்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை மரணம் மற்றப் பாதியோடு ஒப்பிட 32 விழுக்காடு குறைவாக இருந்தது. கூட்டங்கள் வேர்பிடித்த கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் 45 விழுக்காடு. ஜவ்வாது மலை ஊர்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கும் புதன்கிழமை தடுப்பூசிக்கும் பெண்கள் ஏற்கெனவே கூடுகிறார்கள். அந்த வரிசையில் காத்திருக்கும் நேரம் இப்படிப்பட்ட பேச்சுக்கு ஏற்றது.

பிரசவத்துக்குப் பின்னும் செவிலியரின் வேலை ஓயாது. தாய்மார் மரணங்களில் கணிசமானவை குழந்தை பிறந்த பிறகே, அதிலும் முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன. 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்க்கும் முறையின் மூலம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறது. அபய் பங், ராணி பங் தம்பதியர் அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பச்சிளங்குழந்தை மரணத்தை 62 விழுக்காடு குறைத்துக் காட்டி 1999இல் வெளியிட்டார்கள்.

இவை எல்லாம் தனித்தனிச் செயல்களின் சான்று. முழு மருத்துவச்சி அமைப்பையும் ஒரு நாட்டுக்கே வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கி, குடும்ப நல மருத்துவ மாது ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஊர் ஊராக நியமிக்கப்பட்டார். 1940களில் லட்சத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் இருந்த பேறுகால மரணம் 1990களில் நூறுக்கும் கீழே வந்தது. ஆனால் அதே காலத்தில் மலேரியா ஒடுங்கியது, பெண் கல்வி பரவியது, மருத்துவம் இலவசமானது. எது எவ்வளவு பங்களித்தது என்று பிரிப்பது எளிதல்ல. இங்கே குலுக்கிப் பிரிக்க முடியாது, நாடு ஒன்றுதான். சுவீடன் இந்த இடத்தில் உதவுகிறது. அங்கே 1751இல் 900ஆக இருந்த விகிதம் 1900இல் 230ஆகக் குறைந்தபோது ரத்தம் ஏற்றும் வசதியோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும், பின்னர் அவர்கள் கைக்கொண்ட கிருமிநீக்கமும் இருந்தன. இரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால், மருத்துவச்சியின் பங்கு கணிசமானது என்பதை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டின் விகிதம் 2004-06இல் 111ஆக இருந்து 54க்கு இறங்கியதிலும் அந்தப் பங்கு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாக மூன்று செவிலியர்களை அமர்த்தியது அதில் முக்கியமான படி.

இறங்கிய எண் புதிய கவலைகளையும் கொண்டுவந்திருக்கிறது. 2019-21இல் தமிழ்நாட்டுப் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை மூலம். நாடு முழுவதும் 21.5. தேவைக்கு அறுப்பது உயிர் காக்கும்; தேவையில்லாமல் அறுத்தால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பிரியாமல் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். இயல்பான பிரசவத்தை இயல்பாக நடத்தித்தரும் தனித் திறமையாளராக மருத்துவச்சியை மீட்டெடுக்க, 18 மாதப் பயிற்சியோடு கூடிய மருத்துவச்சிச் செவிலியர் திட்டத்தை மத்திய அரசு 2018இல் அறிவித்தது. இன்னொரு பக்கம் கிராம சுகாதார செவிலியரின் தலையில் கணினிப் பதிவு, கணக்கெடுப்பு, தொற்றா நோய்ப் பணி என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகிறது. மலையில் ஒரு வீட்டுக்குப் போய்வர அரை நாள் ஆகும் ஊரில், பதிவேட்டுக்குப் போகும் ஒவ்வொரு மணியும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து கழிபடுகிறது. இதைப் பணிச்சுமை என்று மட்டும் எழுதிக் கடந்துவிடக்கூடாது. இது தாய்மாரின் பாதுகாப்பில் விழும் ஓட்டை.

தமிழ்நாடு 1990களிலிருந்தே ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் பதிந்து, எங்கே தவறியது என்று ஆராய்ந்து வருகிறது. மரணங்கள் அருகும்போது இந்த வழியில் கற்பதும் அருகும். ஒரு மலை ஊராட்சியில் பல ஆண்டுகளுக்கு ஆராய எதுவுமே இராது. அதற்கான மாற்றாக, நூலிழையில் தப்பிய தாய்மாரை எண்ணும் முறை வளர்ந்திருக்கிறது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதன் பின் 42 நாளுக்குள்ளோ உயிர் போகும் நிலைக்குச் சென்று பிழைத்தவர்கள் அவர்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கான அளவுகோல்களை 2009இல் வகுத்தது. இந்திய அரசு 2014இல் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு மரணத்துக்குப் பல தப்பல்கள் இருப்பதால் கற்க நிறையக் கிடைக்கும். இன்னொரு நன்மை, பிழைத்தவரிடமே கேட்கலாம் என்பது: வலி எப்போது எடுத்தது, முதலில் யாரிடம் சொன்னார், டோலி எந்த இடம்வரை வந்தது, வண்டி எங்கே நின்றது, ரத்தம் எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது. இந்தக் கணக்கு இன்று பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில் எடுக்கப்படுகிறது. அங்கே தெரிவது மூன்றாவது தாமதம் மட்டுமே. முதல் இரண்டு தாமதங்களும் பீஞ்சமந்தைக்கும் ஒடுகத்தூருக்கும் இடையில் கழிந்த நேரத்தில் இருக்கின்றன; அந்த நேரத்தை எழுதிவைக்கக்கூடியவர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியர்.